வாசகர் கேள்வி பதில்: பி.ஏ. ஹிஸ்டரி படிக்க எந்த காலேஜ்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து நம்ம பகுதிக்கு வர்ற கடிதத்துல பாதிக்கு மேல காலேஜ் அட்மிஷன் பத்தித்தான். அதுல ஹிஸ்டரி பத்தி கேட்டவங்களுக்கு மட்டும் இந்த இதழ்ல பதில் சொல்லிடுறேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா வரும்.

கேள்வி: அய்யா வணக்கம். நாங்க உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். மக கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சிருக்கா, நல்ல மார்க். ஹிஸ்டரிதான் படிப்பேன்னு ஒரே பிடிவாதமா இருக்கா. சொந்தக்காரங்க எல்லாம் "இவ்ளோ மார்க் எடுத்துட்டு ஹிஸ்டரியா, பி.காம் போடச் சொல்லு"ங்கிறாங்க. எனக்கு அவ ஆசைய தடுக்க மனசில்ல. மதுரையில எந்த காலேஜ் நல்லா இருக்கும்னு சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.
(ஒரு அப்பா, உசிலம்பட்டி)

பதில்: முதல்ல உங்க மகளுக்கு என் வாழ்த்த சொல்லுங்க. வேற எதுவும் கிடைக்காம ஹிஸ்டரிக்கு வர்ற புள்ளைங்களுக்கும், கேட்டு வாங்கி வர்ற புள்ளைங்களுக்கும் கிளாஸ்ல முதல் மாசமே வித்தியாசம் தெரிஞ்சுரும். உங்க மக கேட்டு வாங்கி வர்ற ரகம், அதனால சொந்தக்காரங்க பேச்ச தள்ளி வச்சுட்டு எங்க சேக்கலாம்னு மட்டும் பாப்போம்.

மதுரையில பொம்பளப் புள்ளைங்களுக்குன்னு இருக்கிற காலேஜ்ல ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கு, 1965-ல ஆரம்பிச்சது. லேடி டோக் காலேஜ் 1948, பாத்திமா காலேஜ் 1953. ஆணும் பொண்ணும் சேந்து படிக்கிறதுன்னா அமெரிக்கன் காலேஜ், 1881-ல ஆரம்பிச்சது, 1978-லயே தன்னாட்சி வாங்கினது. இந்த நாலுலயும் ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் இருக்கு. இதுல பாத்திமா மட்டும் திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் தள்ளி இருக்கு, மத்த மூணும் கோரிப்பாளையம், தல்லாகுளம் சுத்தியே இருக்கு. நீங்க ஆரப்பாளையத்துல இறங்கி ஒரு டவுன் பஸ் புடிச்சா ஒரே நாள்ல மூணையும் நேர்ல பாத்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம். நான் சொல்றது அதத்தான், நேர்ல போங்க, மகளையும் கூட்டிட்டுப் போங்க.

ஏன்னா காலேஜ் பேர் பெருசா இருக்குங்கிறது வேற, அங்க ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் நல்லா இருக்குங்கிறது வேற. தரவரிசை, நாக் கிரேடு (காலேஜ் தரத்த பாத்து தேசிய அளவுல குடுக்கிற மதிப்பீடு) எல்லாம் மொத்த காலேஜுக்கும் சேத்து குடுக்கிறது, உங்க மக உக்காரப் போறது அந்த டிபார்ட்மெண்ட்டோட கிளாஸ்ல. அதனால டிபார்ட்மெண்ட்டுக்கே போயி கேக்கணும். நிரந்தர வாத்தியார் எத்தனை பேர், கவுரவ விரிவுரையாளர் எத்தனை பேர்னு கேளுங்க. கவுரவ விரிவுரையாளர்கள்ல ரொம்ப அருமையா பாடம் நடத்துறவங்க இருக்காங்க, அவங்கள நான் குறை சொல்லல, ஆனா வருஷா வருஷம் ஆள் மாறுனா புள்ளைக்கு மூணு வருஷமும் கூட நின்னு ப்ராஜெக்ட் பண்ண வைக்க ஆள் இருக்காது. அப்புறம் கேன்டீன் பக்கம் நிக்கிற தேர்ட் இயர் புள்ளைங்ககிட்ட உங்க மகளையே பேசச் சொல்லுங்க, நீங்க தள்ளி நில்லுங்க. கிளாஸ் ஒழுங்கா நடக்குதா, லைப்ரரியில புத்தகம் வீட்டுக்குக் குடுப்பாங்களா, கடைசியா எந்த ஊருக்கு ஃபீல்டு ட்ரிப் போனீங்க, இந்த மூணு கேள்விக்கு வர்ற பதில்ல அந்த டிபார்ட்மெண்ட் எப்படின்னு தெரிஞ்சுரும்.

இன்னொண்ணு கேட்டுப் பாருங்க, யாரும் கேக்க மாட்டாங்க ஆனா இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது: பழைய கேள்வித்தாள். தன்னாட்சி காலேஜ்ல சிலபஸும் அவங்களே போடுறாங்க, பரீட்சையும் அவங்களே வைக்கிறாங்க, பட்டம் மட்டும் காமராஜர் யுனிவர்சிட்டி குடுக்கும். அதனால ஒரே பி.ஏ. ஹிஸ்டரின்னாலும் காலேஜுக்கு காலேஜ் படிப்பே மாறும். கேள்வித்தாள் பூரா "விஸ்வநாத நாயக்கரின் பாளையப்பட்டு முறை பற்றி எழுதுக", "72 பாளையங்கள் குறிப்பு வரைக" இந்த மாதிரியே இருந்தா கைடு வாங்கி மனப்பாடம் பண்ணி எழுதுற காலேஜ்னு வச்சுக்கங்க. அதுவே "கட்டபொம்மன் பத்தி கிழக்கிந்தியக் கம்பெனி ரெக்கார்டு சொல்றதும் கதைப்பாடல் சொல்றதும் எங்க ஒத்துப்போகுது, எங்க மோதுது, ஏன்" அப்படின்னு ஒரு கேள்வி இருந்துச்சுன்னா அந்த டிபார்ட்மெண்ட்ல யாரோ ஒருத்தர் உண்மையிலேயே ஹிஸ்டரி சொல்லித் தர்றாருன்னு அர்த்தம், கண்ண மூடிட்டு சேத்துவிடுங்க. கட்டபொம்மன 1799-ல கயத்தாறுல தூக்குல போட்டாங்கங்கிறது ஸ்கூல் புள்ளைக்கே தெரியும். அத யார் எழுதி வச்சாங்க, எதுக்கு அப்படி எழுதி வச்சாங்கன்னு கேக்கக் கத்துக்கிறதுக்குத்தான காலேஜுக்கு அனுப்புறோம். சிலபஸ்ல வரலாற்று வரைவியல் (வரலாற எப்படி எழுதுறாங்கன்னு ஆராயுற பாடம்), கல்வெட்டியல், தொல்லியல் இருக்கான்னும் பாருங்க, ராஜாக்களும் போரும் மட்டுமே இருந்தா யோசிங்க, விவசாயம் பண்ணவன், நெசவு நெய்தவன், பொம்பளைங்க இவங்க வரலாறும் பாடத்துல வரணும்.

அடுத்து மீடியம். இதுல அவசரப்படாதீங்க. உங்க மக தமிழ் மீடியத்துல படிச்சிருக்கா, தமிழ்நாடு அரசு வேலையில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கு, அத பி.எஸ்.டி.எம்.னு சொல்வாங்க. 2020-ல சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் ஸ்கூல்ல இருந்து டிகிரி வரைக்கும் தமிழ்லயே படிச்சிருந்தாத்தான் டிகிரி கேக்குற வேலைக்கு அது செல்லும். காலேஜ்ல இங்கிலீஷ் மீடியம் சேந்துட்டா குரூப் 1, குரூப் 2-க்கு அந்த உரிமை போயிரும். அதுக்காக இங்கிலீஷ விட்டுர சொல்லல, ஆராய்ச்சி, வெளியூர் எம்.ஏ. எல்லாத்துக்கும் இங்கிலீஷ் புத்தகம் படிச்சே ஆகணும். அரசு வேலைதான் குறின்னா தமிழ் மீடியத்துல சேந்து, பகுதி இரண்டுல வர்ற இங்கிலீஷ் பாடத்த அக்கறையா படிச்சு, லைப்ரரியில இங்கிலீஷ் புத்தகத்த கொஞ்சம் கொஞ்சமா வாசிக்கச் சொல்லுங்க. சேரும்போதே "இந்த கோர்ஸ் தமிழ் மீடியமா, பி.எஸ்.டி.எம். சர்டிபிகேட் குடுப்பீங்களா"ன்னு ஆபீஸ்ல கேட்டுருங்க.

ஃபீஸ் விஷயத்துல ஒரே காலேஜ்ல எய்டட்னு ஒண்ணு, செல்ஃப் பைனான்ஸ்னு ஒண்ணு இருக்கும். எய்டட்ல வாத்தியார் சம்பளம் அரசாங்கம் குடுக்குது, அதனால ஃபீஸ் ரொம்ப கம்மி, செல்ஃப் பைனான்ஸ்ல ஜாஸ்தி. அப்ளிகேஷன்ல எதுக்கு டிக் போடுறீங்கன்னு பாத்துப் போடுங்க. அரசு காலேஜுக்கு தனியா, டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. வெப்சைட்ல அப்ளை பண்ணணும், தமிழும் இங்கிலீஷும் போக மீதி நாலு பாடத்தோட 400 மார்க்க வச்சுத்தான் ஹிஸ்டரிக்கு ரேங்க் போடுவாங்க. மத்த காலேஜுக்கு அந்தந்த காலேஜ்ல தனித்தனியா போடணும். எல்லாத்துக்கும் போட்டு வைங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்டுக்கே வரும், காலேஜ்லயே அதுக்கு எழுதி வாங்குவாங்க, கேட்டுக்கங்க.

உசிலம்பட்டியில இருந்து தினம் வந்து போறது முடியும்தான், ஆனா போக வர பஸ்லயே தெம்பு போயிரும், சாயங்காலம் லைப்ரரியில உக்கார முடியாது. ஹாஸ்டல் செலவுக்கு வழி இருந்தா முதல் வருஷமாவது ஹாஸ்டல்ல விடுங்க. அரசு நடத்துற மாணவியர் விடுதி மதுரையில இருக்கு, அதுக்கும் அட்மிஷன் கையோட அப்ளை பண்ணுங்க.

எனக்குன்னு கேட்டீங்கன்னா, உங்க வீட்டு நிலைமைக்கு மீனாட்சி காலேஜ்ல தமிழ் மீடியம் கிடைச்சா முதல்ல அத வாங்கி கையில வைங்க, லேடி டோக், பாத்திமா, அமெரிக்கன்ல எய்டட் சீட் வந்தா அப்ப கேள்வித்தாளையும் சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு உங்க மகளையே முடிவு பண்ணச் சொல்லுங்க. டி.சி.ய மட்டும் யோசிக்காம குடுத்துறாதீங்க, திருப்பி வாங்குறது அலைச்சல்.

கேள்வி: சார், நான் மேலூர். பிளஸ் டூல பயாலஜி குரூப். ஆனா எனக்கு ஆசை தொல்லியல் மேல. கீழடி மியூசியம் போயிட்டு வந்ததுல இருந்து வேற நினைப்பே இல்ல. பி.ஏ. ஆர்க்கியாலஜி எந்த காலேஜ்ல இருக்கு? சயின்ஸ் குரூப் எடுத்தவன் ஹிஸ்டரி சேர முடியுமா?
(ஒரு மாணவர், மேலூர்)

பதில்: தாராளமா சேரலாம் தம்பி. பி.ஏ. ஹிஸ்டரிக்கு எந்த குரூப் படிச்சிருந்தாலும் எடுத்துக்குவாங்க. சொல்லப்போனா நீ பயாலஜி படிச்சது தொல்லியலுக்கு பெரிய பலம். கீழடியில கிடைச்ச எலும்பெல்லாம் என்ன மிருகத்தோடதுன்னு பாக்க புனே டெக்கான் காலேஜுக்கு அனுப்புனாங்க, கரித்துண்ட அமெரிக்காவுல ஒரு லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்தது கி.மு. 580ன்னு சொன்னாங்க. மண்ணு, எலும்பு, மகரந்தம், இதெல்லாம் புரிஞ்ச ஹிஸ்டரி ஆள் நம்மகிட்ட ரொம்ப குறைவு, நீ அந்த இடத்துக்கு வரலாம்.

பி.ஏ.லயே ஆர்க்கியாலஜின்னு தேடி அலையாத. டிகிரிக்கு ஒரு நல்ல ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் போதும், கல்வெட்டியல், தொல்லியல் பேப்பர் இருக்கிற காலேஜா பாத்து சேரு. தொல்லியல் தனியா வர்றது அதுக்கு மேலதான். எம்.ஏ. முடிச்சா தமிழ்நாடு தொல்லியல் துறையே சென்னையில ரெண்டு வருஷ டிப்ளமா நடத்துது, உதவித்தொகையும் உண்டு. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல கல்வெட்டியலும் தொல்லியலும் சேந்த துறை இருக்கு. இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவுல நடத்துற இன்ஸ்டிட்யூட்ல 2020-ல தகுதி லிஸ்ட்ல தமிழ விட்டுட்டு போட்டாங்க, இங்க எல்லாரும் சத்தம் போட்டதுக்கு அப்புறம் தமிழையும் சேத்தாங்க, அதனால தமிழ் எம்.ஏ. படிச்சவங்களுக்கும் அங்க வழி இருக்கு.

ஆனா தம்பி, நீ மேலூர்ல இருந்துட்டு காலேஜ் பத்தி மட்டும் கேக்குறது எனக்கு கொஞ்சம் வருத்தம். உன் ஊரச் சுத்தி என்னென்ன இருக்குன்னு பாரு. மாங்குளம் மீனாட்சிபுரம் மலையில இருக்கிற தமிழ் பிராமி (தமிழ எழுதின ரொம்பப் பழைய எழுத்து) கல்வெட்ட 1882-லயே ராபர்ட் சீவல்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி பாத்துச் சொல்லிட்டாரு, ஆனா அது தமிழ்தான்னு படிச்சு முடிக்க அதுக்கு அப்புறம் எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுல நெடுஞ்செழியன் பேர் இருக்கு, கணிநந்திங்கிற சமணத் துறவிக்கு படுக்கை வெட்டிக் குடுத்த சேதி இருக்கு, வெள்ளறை நிகமத்தார்னு ஒரு வியாபாரக் கூட்டம் குடுத்த கொடையும் இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி உன் ஊர்ப்பக்கம் வியாபாரிங்க சங்கம் வச்சு காசு போட்டு தர்மம் பண்ணிருக்காங்கன்னு பாறை சொல்லுது! அரிட்டாபட்டி, கீழவளவு ரெண்டும் உனக்கு பக்கம்தான். மதுரைக்கு பஸ்ல வரும்போது ஒத்தக்கடையில ஜன்னல் வழியா யானைமலைய பாக்குறல்ல, அங்க பாறையக் குடைஞ்சு கட்டுன நரசிங்கப் பெருமாள் கோயில்ல 770-ம் வருஷத்து கல்வெட்டு இருக்கு, பாண்டியன் நெடுஞ்சடையனோட மந்திரி மாறன் காரி அந்தக் கோயில குடைஞ்ச கதை. அதுல அந்தக் காலத்துல தமிழ் எழுதின வட்டெழுத்தும் இருக்கு, சமஸ்கிருதம் எழுதின கிரந்தமும் இருக்கு.

அதனால டிகிரி படிக்கிற மூணு வருஷத்துல தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் மூணும் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகு. எம்.ஏ. இன்டர்வியூவுல உன்னைய தனியா காட்டுறது அதுதான். ஒரே ஒரு வேண்டுகோள், மலைக்குப் போனா கல்வெட்டு மேல சாக்பீஸ், மாவு, பவுடர் எதையும் தேய்க்காத, எழுத்து தெளிவா தெரியணும்னு பண்றாங்க, பாறை கெட்டுப்போகுது. காலையிலயோ சாயங்காலமோ வெயில் சாஞ்சு விழும்போது போனா எழுத்து தானா தெரியும். மலையில ஏர்றதுக்கு முன்னாடி ஊர் ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறு.

காலேஜ்னு கேட்டா, உனக்கு அமெரிக்கன் காலேஜ் சரியா வரும்னு நினைக்கிறேன். மேலூர்ல இருந்து மாட்டுத்தாவணி வந்தா அங்கிட்டிருந்து கோரிப்பாளையம் பக்கம், டேனியல் பூர் நினைவு நூலகம் காலேஜுக்குள்ளயே இருக்கு, காந்தி மியூசியமும் அதே வளாகத்துல இருக்கிற அரசு மியூசியமும் பக்கத்துலயே இருக்கு. காந்தி மியூசியம் 1959-ல நேரு திறந்து வச்சது, இருக்கிறது ராணி மங்கம்மா அரண்மனையில. பொருள எப்படி பாதுகாக்குறாங்க, எப்படி லேபிள் எழுதுறாங்கன்னு போயி நின்னு கவனி. காலேஜ் சேந்ததும் லீவுல அங்க ஏதாச்சும் வேலை பாக்க முடியுமான்னு உன் டிபார்ட்மெண்ட் மூலமா கேட்டுப் பாரு.

கேள்வி: ஹிஸ்டரி முடிச்சா என்னங்க வேலை கிடைக்கும்? பையன் ஒரே புள்ள. அவங்க அப்பா இல்ல. அதனாலதான் பயமா இருக்கு.
(ஒரு அம்மா, சிலைமான்)

பதில்: உங்க பயம் நியாயமானதும்மா, சுத்தி வளைக்காம சொல்றேன். பி.ஏ. ஹிஸ்டரி முடிச்ச மறுநாள் கூப்பிட்டு வேலை குடுக்கிற கம்பெனி கிடையாது. அதுக்கு மேல ஒண்ணு பண்ணணும், அது என்னன்னு ரெண்டாவது வருஷத்துலயே முடிவு பண்ணிட்டா பையன் நிக்கமாட்டான், போயிட்டே இருப்பான்.

வாத்தியார் வேலைன்னா பி.எட். ரெண்டு வருஷம், அப்புறம் டெட்டுங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுல ரெண்டாம் தாள் பாஸ் பண்ணணும், அதுல 150 மார்க்குல 60 சமூக அறிவியல். எம்.ஏ. பி.எட். முடிச்சா முதுகலை ஆசிரியர் ஆகலாம். காலேஜ் வாத்தியாருக்கு எம்.ஏ., அப்புறம் நெட் இல்லன்னா செட்டுங்கிற தகுதித் தேர்வு. டி.என்.பி.எஸ்.சி.ல குரூப் 1-ல இருந்து குரூப் 4 வரைக்கும் பொது அறிவுல ஹிஸ்டரியும் தமிழ்நாட்டு வரலாறு பண்பாடும் வராத பேப்பரே இல்ல, மத்தவங்க கோச்சிங் சென்டர்ல காசு குடுத்து படிக்கிறத இவன் கிளாஸ்லயே படிச்சிருப்பான். கணக்கு மட்டும் விட்டுறக் கூடாது, ஹிஸ்டரி புள்ளைங்க அங்கதான் மார்க்க விடுறாங்க. ஐ.ஏ.எஸ். பரீட்சையில ஹிஸ்டரிய விருப்பப் பாடமா எடுத்தா 500 மார்க்.

சட்டம் படிக்க ஆசைன்னா டிகிரிக்கு அப்புறம் மூணு வருஷ எல்.எல்.பி. நம்ம மதுரை அரசு சட்டக் கல்லூரியிலயே இருக்கு. ஒரு தீர்ப்புக்கு எது ஆதாரம், எந்த சாட்சி சொன்னது நம்புற மாதிரி இருக்குன்னு பாக்குற பழக்கம் ஹிஸ்டரி படிச்சவனுக்கு ஏற்கனவே இருக்கும், அதனால வக்கீல் படிப்புக்கு இது நல்ல அஸ்திவாரம்.

உங்க நிலைமையில நான் சொல்றது, தமிழ் மீடியம் ஹிஸ்டரி, கூடவே முதல் வருஷத்துல இருந்தே குரூப் 4-க்கு படிப்பு. அதுக்கு பத்தாவது தகுதி போதும், காலேஜ் முடிக்கும்போது கையில ஒரு வேலை இருந்தா மிச்சத்த அவன் வேலையில இருந்துட்டே படிச்சுக்குவான். கவர்மெண்ட் ஸ்கூல் பையன்னா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல அவனுக்கும் மாசம் 1000 ரூபா இருக்கு, 2024-ல இருந்து குடுக்கிறாங்க, அத கேட்டு வாங்குங்கம்மா.

கேள்வி: எனக்கு டெல்லி யுனிவர்சிட்டியில ஹிஸ்டரி ஹானர்ஸ் படிக்கணும். வீட்டுல மதுரையே போதும்ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?
(ஒரு மாணவி, அண்ணாநகர், மதுரை)

பதில்: வீட்டுல பணத்துக்கு பெரிய கஷ்டம் இல்லன்னா நான் உன் பக்கம்மா. 2022-ல இருந்து அங்க சேர்றது சி.யு.இ.டி.ங்கிற பொது நுழைவுத் தேர்வ வச்சுத்தான், அத தமிழ்லயும் எழுதலாம், ஆனா கிளாஸ் எல்லாம் இங்கிலீஷ்ல, வாசிக்க வேண்டியது எக்கச்சக்கம். நாடு பூரா இருந்து வர்ற புள்ளைங்களோட உக்காந்து விவாதம் பண்றது பெரிய படிப்பு. ஒரு குறை என்னன்னா அங்க இந்திய வரலாறுன்னா வடக்கத்தி வரலாறே முக்காவாசி, பாண்டியரும் நாயக்கரும் ஓரத்துலதான் வருவாங்க, அத நீயாதான் தேடிப் படிக்கணும். வீட்டுல ஒத்துக்கலன்னா சண்டை வேணாம், இங்க லேடி டோக்லயோ பாத்திமாலயோ நல்லா பி.ஏ. முடிச்சுட்டு எம்.ஏ.க்கு டெல்லியோ ஹைதராபாத்தோ போ, ஹிஸ்டரியில ஆராய்ச்சிக்கு எம்.ஏ. எங்க பண்ணோம்ங்கிறதுதான் ரொம்ப முக்கியம். சென்னைக்கு விடுவாங்கன்னா மாநிலக் கல்லூரி, கிறிஸ்தவக் கல்லூரி, லயோலா மூணையும் பாரு, எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, கன்னிமாரா நூலகம் இருக்கு, மதுரையில அந்த வசதி கிடையாது.

கேள்வி: வயசு 34, திருமங்கலத்துல கடை வச்சிருக்கேன். ஹிஸ்டரி மேல ரொம்ப ஆர்வம். கரஸ்ல படிச்சா மதிப்பு உண்டா?
(ஒரு வாசகர், திருமங்கலம்)

பதில்: உண்டுங்க. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கிற தொலைதூரக் கல்வி பட்டமும் ரெகுலர் பட்டமும் ஒண்ணுதான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நம்ம காமராஜர் யுனிவர்சிட்டி ரெண்டையும் விசாரிங்க. நீங்க ஆர்வத்துக்காக படிக்கிறீங்க, அதனால பாடப் புத்தகத்தோட நிறுத்திக்காதீங்க, கடைக்கு லீவு விடுற நாள்ல நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாங்க, 2023-ல திறந்தது, நாள் பூரா உக்காந்து படிக்கலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கீகாரம் கோர்ஸ் வாரியா, வருஷ வாரியா மாறும். இந்த வருஷம் இந்த கோர்ஸுக்கு இருக்கான்னு யு.ஜி.சி. வெப்சைட்ல தொலைதூரக் கல்வி லிஸ்ட்ல பாத்துட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க, ஏஜென்ட்டு யாராவது கடைக்கே வந்து "ஒரே வருஷத்துல டிகிரி வாங்கித் தர்றேன்"னு சொன்னா அப்படியே திருப்பி அனுப்பிருங்க.